வெள்ளரி பிடித்துக்கொண்டது

மார்ச் 4

அன்புள்ள டைலரம்மாவுக்கு,

நான் நலம். மகளும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? மாத்திரைகளை வேளைக்கு விழுங்குகிறேன். வாக்கரைப் பற்றிக் கவலைப்படாதே, நன்றாக நிற்கிறது.

தக்காளி காய்த்துச் சாய்ந்துவிட்டது. பழைய துடைப்பக் கம்புகள் மூன்றைத் தலையில் சேர்த்துக் கட்டிக் கூடாரம்போல் நட்டேன். உன் மெஷினுக்கு அடியில் கிடந்த பச்சைத் துணியைக் கிழித்து, தண்டு இறுகாமல் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். வெள்ளரிக்குத்தான் அருமையான தாங்கி அமைந்தது. அலுமினியம், துருப் பிடிக்காது. நாலு கால், அடியில் ரப்பர். உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பொத்தான் வேறு! எந்தக் கடையிலும் இப்படிக் கிடைக்காது.

உன்
மெக்கானிக்

மார்ச் 8

என்னங்க,

உங்கள் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். ரப்பர் வரை வந்ததும், "அம்மா, அது அப்பாவோட வாக்கர்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பரில் ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, நான் கடையிலிருந்து வரும்வரை மூன்று மணி நேரம் அந்தத் தோட்டத்தில்தான் கிடந்தீர்கள். முகமெல்லாம் எறும்பு. இன்னும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. வாக்கரை விடமாட்டேன் என்று நீங்கள் சத்தியம் செய்த பிறகுதானே வண்டி ஏறினேன்? போனில் திட்டலாம் என்றால் பட்டறைச் சத்தத்தில் போன காது, ஒன்றும் ஏறாது.

இவளுக்கு இன்னும் பத்து நாள்தான். இருந்தாலும் பெட்டியைக் கட்டிவிட்டேன். உங்களை நம்பி இங்கே உட்கார முடியாது. பதில் வரும்வரை பார்ப்பேன், அவ்வளவுதான்.

டைலர்

மார்ச் 11

அன்புள்ள டைலரம்மாவுக்கு,

பெட்டியை அவிழ். மாட்டிக்கொண்டேன், உள்ளதைச் சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்ற வாக்கரோடுதான் போனேன். மழை வந்ததும் வீட்டுக்குள் வந்துவிட்டேன். இரண்டு நாள் அடைமழை. சமைத்தேன், குளித்தேன், ஜன்னலைச் சாத்தினேன். மூன்றாம் நாள் வெளியே பார்த்தால் வாக்கர் செடி பக்கத்தில் நிற்கிறது! அதை மறந்ததே எனக்குத் தெரியவில்லை. அதற்குள் வெள்ளரி அதைப் பிடித்துக்கொண்டது. பிரிக்க மனசு வரவில்லை.

பயம் இல்லாமலும் இல்லை. பின்வாசலிலிருந்து குழாயடி வரை ஆறு இரும்புக் குழாய்களை நட்டு, கயிறு இழுத்துக் கட்டினேன். பாதி அவரைக் கொடிக்கு, பாதி எனக்கு. நேற்று காலுக்குப் பயிற்சி தரும் பெண் வந்தாள். கயிற்றை ஆட்டிப் பார்த்தாள், என்னை நாலு தடவை நடக்கவிட்டாள். "ஐயா, இனிமே வாக்கர் வேணாம். கயிறும் எத்தனை நாளைக்குன்னு பாப்போம்" என்றாள். என் பேச்சை நீ நம்பமாட்டாய் என்று அவளிடமே எழுதி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

மறைத்தது தப்புதான். சொன்னால் ஓடி வந்துவிடுவாய். இப்போது மகளுக்குத்தான் நீ வேண்டும்.

மெக்கானிக்

மார்ச் 19

என்னங்க,

பேத்தி பிறந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம். காது உங்களைப் போல, நல்லவேளை, அளவில் மட்டும்.

அந்தப் பெண் எழுதிய இரண்டு வரியைப் படித்ததும் அடுப்படியில் போய் அழுது தீர்த்தேன். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அன்று இரவு தூங்கினேன், மகள் உலுக்கித்தான் எழுந்தேன். பெட்டியை அவிழ்க்காமல் இருந்திருந்தால் இவள் பிறந்தபோது நான் பஸ்ஸில் இருந்திருப்பேன்.

திட்டு பாக்கி இருக்கிறது. அந்தப் பச்சைத் துணி டீச்சரம்மா தைக்கக் கொடுத்த ஜன்னல் திரை. அவர் கேட்டால் தக்காளியைக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி, காலை பஸ்.

உங்கள் டைலர்

மார்ச் 23

டைலரம்மா,

டீச்சரம்மா வந்தார், தக்காளியோடு போனார். சிரித்துக்கொண்டுதான் போனார்.

இருபதாம் தேதி பஸ் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். பெட்டியை நீ தூக்காதே. எனக்கு இரண்டு கையும் காலி.

உன் மெக்கானிக்