வாசலில் மூன்று ஜோடி

சாந்தோம், மயிலாப்பூர்
2 டிசம்பர் 1946

மரியசெல்வத்துக்கு அத்தை எழுதுவது.

நீ உயிரோடிருப்பதற்குச் சர்வேசுரனுக்குத் தோத்திரம். மற்றவற்றுக்கு யாருக்கு நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூர் விழுந்தபின் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இறந்தாய் என்றெண்ணி உன் ஆத்துமத்துக்குப் பூசை வைத்து இரண்டு வருடமாகிறது. இப்போது கடிதம் வருகிறது. உன் மனைவி பிலோமினாவுக்கு அல்ல, எனக்கு. ஜப்பானியர் உன்னைக் கைதியாகக் கொண்டுபோன தீவின் பெயரை நீ எழுதவில்லை, இராணுவத் தபால் எண் மட்டும் இருக்கிறது. அவளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாய். காரணம் எழுதவில்லை.

அந்தக் கட்டடத்தைப் பற்றி மட்டும் நான்கு பக்கம். கீழ்த்தளம் ஸ்பானியர் எழுப்பியது, பவளக்கல் சுவர், வளைவு வாசல்கள். மேல்தளம் ஜப்பானியர் பின்னால் சேர்த்தது, மரச்சட்டம், நகர்த்தும் கதவு, தாழ்ந்த ஓட்டுக்கூரை. இப்போது அது அமெரிக்கரின் ஆபீஸாம். பழுதுபார்க்க நீ வரைபடம் போடுகிறாயாம். அங்கே யாரும் குடியில்லையாம். நான் கேட்காத கேள்விக்கு இந்தப் பதில் எதற்கு?

நீ அனுப்பிய புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வளைவுகளை எண்ணினேன். பி.ஏ. படித்தவள் வேறென்ன செய்வாள்? மீன் கொண்டுவரும் கெங்கம்மா கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, ஆபீஸுன்ற? வாசல்ல கொயந்த செருப்பு கீது பாரு" என்றாள். பார்த்தேன். கல்படியில் மூன்று ஜோடி. ஒன்று ஆணுடையது, ஒன்று பெண்ணுடையது, ஒன்று என் உள்ளங்கை நீளம். அமெரிக்கர் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே நடக்கிறார்கள் என்று மூன்றாம் பக்கத்தில் நீதான் குறைப்பட்டிருக்கிறாய்.

இனி இங்குள்ள செய்தி. பிலோமினாவுக்கும் துறைமுகத்தில் வேலைபார்க்கும் லூர்துசாமிக்கும் கோவிலில் மூன்று கலியாண ஓலையில் இரண்டை வாசித்தாயிற்று. தடை அறிந்தவர் சொல்லட்டும் என்று சாமியார் கேட்டபோது முதல் பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உன் கடிதம். கிறிஸ்மஸுக்கு முந்திய ஆகமன காலம் பிறந்துவிட்டதால் மூன்றாம் ஓலை ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துத்தான். பிலோமினா நீலப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு சிரிக்கிறாள். "அத்தே, இன்னாத்துக்கு என்னையே பாத்துக்கினு கீறீங்க?" என்று நேற்றுக் கேட்டாள். கண் எரிகிறது என்றேன்.

உன் கடிதம் என் செபமாலைப் பையில் இருக்கிறது. சாமியாருக்கு உன் கையால் எழுது, அல்லது புறப்பட்டு வா. இரண்டும் இல்லையென்றால் மூன்றாம் ஓலையன்று எழுந்து நிற்பவள் நான். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கும் தண்டனையை எனக்குத் தராதே, அது உனக்குரியது.

அந்தக் குழந்தையின் பெயரையும், ஞானஸ்நானம் ஆயிற்றா என்பதையும் எழுது. அதற்கு என் ஆசீர்வாதம் இப்போதே. உனக்கானது, உன் பதில் வந்த பிறகு.

அத்தை
செபஸ்தியம்மாள்