அம்மா தாங்க மாட்டாள் என்று சொன்னவளுக்கு

ஓசூர்,
27.6.2007

அன்பு மகள் செல்விக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, தம்பி பிரதாப், நான் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், அதற்குப் பெயர் நலம் என்றால் நலம். மஸ்கட்டில் மாப்பிள்ளை நலமா. நீ நலமா என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை, நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது, மணி அடித்ததும் உன் அப்பா ஓடிப்போய் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், அப்புறம் எனக்கென்று பேச அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இப்போது அவர் வேலைக்குப் போயிருக்கிறார், ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள், முட்டிவலி கொஞ்சம் தேவலை. பிரதாப் கம்பெனி பஸ் பிடித்துப் போச்சம்பள்ளி போய்விட்டான். அதனால் யாருக்கும் பயப்படாமல் எழுதுகிறேன்.

செல்வி, எனக்குக் கன்னடம் தெரியும். நன்றாகவே தெரியும். கல்யாணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து வந்த புதிதில் கடையில் கறிவேப்பிலையைக் கன்னடத்தில் கேட்டேன், உன் அப்பாவின் சிநேகிதர்கள் நாலு பேர் நின்று சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு மூடின வாய்தான். வாயை மூடினால் காதும் மூடிக்கொள்ளும் என்று உங்களுக்கெல்லாம் யார் சொன்னது? பக்கத்து வீட்டு நாகம்மா காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நாளெல்லாம் கன்னடத்தில் பேசுவாள், நான் இந்தப் பக்கம் நின்று தமிழில் பதில் சொல்வேன், இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் ஒரு பேச்சும் தடுக்கியதில்லை. இதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கும் மனிதருக்குச் சந்தேகம் வர வேண்டாமா, வரவில்லை. அவரும் நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியக்கூடாது என்று எதை நினைத்தாலும் உடனே கன்னடத்துக்குத் தாவுவீர்கள். அவருக்குச் சர்க்கரை வந்ததை என் கண்முன்னேயே பிரதாப்பிடம் கன்னடத்தில் சொன்னார். நான் ஒன்றும் கேட்காமல் மறுநாள் காப்பியில் சர்க்கரையைக் குறைத்தேன், என்ன காப்பி போடுற நீ, வாயிலயே வைக்க முடியல என்று என்மேல் எரிந்து விழுந்தார். சரி, ஏதோ என்மேல் உள்ள பிரியத்தில் மறைக்கிறார்கள் என்று நானும் தெரியாதவளாகவே இருந்துகொண்டேன். அதெல்லாம் சின்ன விஷயங்கள்.

இந்த மாதம் இரண்டாவது ஞாயிறு நீ போன் பண்ணினபோது நான் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்துல இருக்காங்களாப்பா என்று கேட்டாய். உள்ளாற இருக்காம்மா என்றார். அப்புறம் நீ கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தாய். குழந்தை தங்கவில்லை என்று சொன்னாய். ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டேன் என்றாய், எல்லாம் முடிந்துவிட்டது என்றாய். கடைசியில், அம்மங்கெ ஹேள்பேடிப்பா, அம்மாவிடம் சொல்லாதீர்கள், அவர்களால் தாங்க முடியாது என்றாய். உன் குரல் நடுங்கியது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. உன் அப்பா போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, செல்வி நல்லா இருக்காளாம், அங்க வெயில்தான் ரொம்ப ஜாஸ்தியாம் என்று சொன்னார். வெயிலா என்று கேட்டேன். ஆமா, வெளியிலயே தலைகாட்ட முடியலையாம் என்றார். நான் அந்தக் கீரையை உருவி, கழுவி, பொரியல் செய்து அவருக்குப் போட்டேன். அவர் சாப்பிட்டார். என் பேரப்பிள்ளை போய்விட்டது, எனக்கு அழக்கூட முடியவில்லை, ஏனென்றால் எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே. இதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு என்ன செய்ய முடியும் என்று நீயே சொல்.

அப்பா மறைத்தது கூட எனக்குப் பழகிப்போனது. நீ மறைத்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. இந்த வீட்டில் என்னைப் போலப் பிறந்தவள் நீ ஒருத்திதான். பட்டுப்பாவாடையின் ஜரிகை உடம்பில் பட்டால் கழற்றி எறிவாய், மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாய், டீச்சர் வேறு யாரையோ திட்டினால் நீ வீட்டில் வந்து சாப்பிடாமல் படுப்பாய். எல்லோரும் பிள்ளைக்கு என்னமோ கோளாறு என்றபோது நான்தான் இது கோளாறு இல்லை, இவளுக்கு எல்லாமே கொஞ்சம் பலமாகக் கேட்கிறது, பலமாகப் படுகிறது, அவ்வளவுதான் என்று சண்டை போட்டேன். அந்த நீயே என்னைத் தாங்கமாட்டாதவள் என்று சொல்லிவிட்டாய், அதுவும் எனக்குப் புரியாது என்று நினைத்த பாஷையில். எனக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? அப்பாவுக்கு மிஷினில் விரல் போனபோது ரத்தத்தைப் பார்த்து நான் மயங்கி விழுந்தேன். விழுந்ததை ஊரே ஞாபகம் வைத்திருக்கிறது. எழுந்த பிறகு புண் ஆறும்வரை தினமும் கட்டுப் பிரித்துக் கழுவி மருந்து போட்டவள் யார் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. அழுதுகொண்டேதான் போட்டேன், ஆனால் ஒரு நாள் விடவில்லை.

அந்தப் போனுக்கு அப்புறம் நான் இவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் அப்பாவிடம், பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி, ஓமமெல்லாம் வாங்கி வாருங்கள், வெயில் இருக்கும்போதே காயவைத்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது, அவருக்கும் அது தெரியும், அப்போதாவது உட்காரவைத்துச் சொல்லுவார் என்று பார்த்தேன். சாயங்காலம் எல்லாவற்றையும் வாங்கி வந்து, நல்ல சரக்காப் பாத்து வாங்கினேன் சரசு என்று என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் குழாயடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அவரும் பாவம்தான், எனக்குத் தெரிகிறது, ஆனால் என் கோபமும் ஆறவில்லை. பிரதாப்பிடம் என் பாஸ்போர்ட் என்ன ஆச்சு, அக்கா பிரசவத்துக்கு நான் போக வேண்டாமா என்று கேட்டேன். ஆபீசுல ஒரே கூட்டம்மா, அப்புறம் பாத்துக்கலாம் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு ஷூவைத் துடைத்தான். நான் பெற்ற பிள்ளை, என் சோற்றைத் தின்றுவிட்டு என்னிடமே நடிக்கிறான்.

மறுநாள் காம்பவுண்டு சுவர்க்கிட்டே நின்று நாகம்மாவிடம் சொன்னேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை செல்வி, காதில் விழுந்தது எப்படி விழுந்ததோ அப்படியே கன்னடத்தில் வந்துவிட்டது. அவள் நான் என்ன பாஷையில் பேசினேன் என்றுகூடக் கவனிக்கவில்லை, சுவருக்கு மேலாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன். அடுத்த நாள் இரண்டு பேரும் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி போனோம். உத்தனப்பள்ளியில் நாகம்மா அக்கா வீட்டு விசேஷம் என்று வீட்டில் ஒரு பொய் சொன்னேன், அதையும் தமிழிலேயே தைரியமாகச் சொன்னேன். பஸ்ஸில் பாட்டை அலறவிட்டான், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாம்பழ லாரிகள் வழிநெடுக நின்றன, அந்த வாடை எனக்குத் தலைவலி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எனக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும், இப்படித்தான் நான் இத்தனை வருஷமும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கலெக்டர் ஆபீசில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீசில் அன்றைக்குக் கூட்டமே இல்லை.

இப்போது அம்மா சொல்வதைக் கேள். நம்மைப் போன்ற உடம்புக்கும் மனசுக்கும் இந்தச் சமயத்தில் கூட்டம் ஆகாது. பக்கத்து பிளாட்டுப் பெண்கள் ஆறுதல் சொல்கிறேன் என்று வந்து ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், உனக்கு முடியவில்லை என்றால் தூங்குகிறேன் என்று மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல், அது ஒன்றும் மரியாதைக் குறைவில்லை. டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கில் இரு. யாராவது பேறுகாலம், வளைகாப்பு என்று கூப்பிட்டால் இந்த வருஷம் போகாதே. சிரிக்க வரவில்லை என்றால் சிரிக்காதே. குளிக்கும்போது அழுகை வந்தால் அங்கேயே அழுது முடித்துவிட்டு வா, அடக்கினால் நமக்கு அது தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் திரும்பி வரும். மாப்பிள்ளையிடம் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள் என்று வாய்விட்டுக் கேள், ஆண்களுக்குச் சொன்னால்தான் தெரியும். இளஞ்சூடாகக் கஞ்சி குடி, வயிற்றைக் காயப்போடாதே. முக்கியமாக, அம்மாவைப் போல ஆகிவிட்டேனே என்று நினைக்காதே. என்னைப் போல இருப்பதில் ஒரு கேடும் இல்லை.

பாஸ்போர்ட் வந்ததும் வருவேன். பிரசவம் பார்க்க வரவில்லை, உன்னைப் பார்க்க வருகிறேன். நான் வந்தால் அழுவேன் செல்வி, அழமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்துகொடுக்க முடியாது. உன் வீட்டு வாசலிலேயே அழுவேன். அழுதுகொண்டே உனக்கு மிளகு ரசம் வைப்பேன், தலை வாருவேன், துணி மடிப்பேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும், எப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன், இருக்கிறது, ரொம்ப இருக்கிறது. பிள்ளையை இழந்தவளிடம் கோபப்படுகிறேனே என்று என்னையே திட்டிக்கொள்கிறேன், அப்படியும் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, மனம் ஆறி, எல்லாம் நிறைந்து வாழ அம்மாவின் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, வெறும் தரையில் கால் வைக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததற்கு அப்புறம் வரும் ஞாயிறு போன் பண்ணு. போனை நான் எடுப்பேன், உன் அப்பா ஓடி வந்தாலும் விடமாட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிடாதே. குழந்தை போயிடுச்சும்மா என்று நீ உன் வாயால் என்னிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் நான் உனக்கு அம்மாவாக இருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சரஸ்வதி சௌந்தரராஜன்