மனுவில் முதல் கையெழுத்து

நான்காம் தேதி, காலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுதுங்கள். போனில் கேட்டால் "பரவால்ல" என்ற ஒரு சொல்லுக்கு மேல் உங்களிடமிருந்து பெயராது. உங்கள் கப்பலில் புதிதாகச் சேரும் சமையல்காரத் தம்பி நாளைக்குக் கிளம்புகிறார். இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, வச்சிடறேன், ஆள் காத்துக்கிட்டிருக்கான்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா.

பள்ளிச் சீருடைத் தையல் இந்த முறை நிறைய வந்திருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன். நீங்கள் மாற்றினால் மூன்று நாள் ஆகும், நடுவில் இரண்டு சண்டையும் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தை மாநகராட்சி புதுப்பிக்கப் போகிறது. போன விடுமுறையில் நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிய மனு வீண்போகவில்லை. குண்டும் குழியுமான தரையைச் சமன் செய்து புது வாலிபால் தளம், சுற்றிலும் நடைபாதை, விளக்குக் கம்பங்கள், உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு எல்லாம் வருகின்றன. நீங்கள் அடிக்கோடு போட்டுக் கேட்ட கேரம் கொட்டகையும் உண்டு, ஓட்டுக் கூரை, மின்விசிறியோடு. உங்கள் கூட்டாளிகள் யார் எந்தப் பலகையில் உட்காருவது என்று இப்போதே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மேற்கொண்டு எழுதுவதற்கு முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் மகள் வாலிபால் ஆட்டத்தின் நடுவில் மயங்கி விழுந்தபோது, வெயில் தாங்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். "வயசுப் பொண்ணு, ஆடினது போதும், இந்த வருசத்தோட நிறுத்திடு" என்றீர்கள். நானும் சரி என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வெயில் காரணமில்லை. அன்று காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அன்று மட்டுமல்ல, ஆட்டம் உள்ள நாளெல்லாம் அப்படித்தானாம். மைதானத்தில் பெண்பிள்ளைகள் போக ஒரு கழிப்பறை கிடையாது. பள்ளிவிட்டு நேரே போகிறார்கள், பொழுது சாயும்வரை ஆடுகிறார்கள். குடித்தால்தானே போக வேண்டும் என்று அணியில் ஆறு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த வைத்தியம் இது.

உடை மாற்றுவதும் அந்த லட்சணம்தான். நான்கு பேர் ஒரு போர்வையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருத்தி உள்ளே மாற்றுவாள். அந்தப் போர்வை நம் வீட்டுப் போர்வை. மைதானத்துக்குப் போர்வை எதற்கு என்று ஒரு நாளும் கேட்காமல் துவைத்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்து, "வீட்ல யாரும் கவனிக்கறதே இல்லையாம்மா" என்று கேட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் மறைத்ததும் அந்த வெட்கத்தால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மாநகராட்சி என்ஜினியர் மேசைமேல் வரைபடத்தை விரித்தார். பெண்களுக்கு அறை எங்கே என்று பள்ளி விளையாட்டு டீச்சர் கேட்டார். அது அடுத்த கட்டத்தில் வரும் என்றார் என்ஜினியர். அடுத்த கட்டம் எப்போது என்றதற்கு, "எப்ப உத்தரவு வருதோ அப்பம்மா" என்றார். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகிற இடம் ஒன்றே ஒன்றுதானாம், அங்கே கொட்டகை வந்துவிட்டதாம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது, துணி வெட்டத் தெரியும். மேசையைச் சுற்றிவந்து பார்த்தேன். பின்சுவர் ஓரத்தில் மூன்று மூலையாக ஒரு துண்டு வீணாகக் கிடந்தது. நான் வெட்டிய துணியில் அவ்வளவு மிச்சம் விழுந்தால் அதில் ஒரு சட்டைக் கையே எடுத்துவிடுவேன். கொட்டகையை இங்கே தள்ளிவிட்டு, குழாய் இருக்கிற இடத்தில் அறையும் கழிப்பறையும் கட்டலாமே என்று விரலை வைத்துக் காட்டினேன். என்ஜினியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார், மறுபடியும் வைத்துப் பார்த்தார். கட்டலாம், ஆனால் கொட்டகையில் நான்கு பலகைக்குப் பதில் இரண்டுதான் கொள்ளும், ஓடு போய்த் தகரம்தான் என்றார். சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் டீச்சர், நானும் தூக்கினேன்.

உங்கள் கேரம் கூட்டாளி ஸ்டிரைக்கர் அண்ணன் எழுந்து, "ஏன் தங்கச்சி, அவர் ஊர்ல இல்லாத நேரத்துல நீங்களே இப்படிச் செய்யலாமா" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மனுஷர் அழாத குறையாகக் கேட்டார். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பகல் போவதே கேரம் பலகையில்தான் என்று எனக்குத் தெரியாதா. இருந்தாலும் நான் தூக்கிய கையை இறக்கவில்லை.

கைகளை எண்ணி முடிவு செய்ய முடியாது என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். கொட்டகை மனுவில் கேட்டது. அதை மாற்ற வேண்டுமானால் முதல் கையெழுத்துப் போட்டவர் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் படம் இப்படியே மேலே போய்விடும். முதல் கையெழுத்து யாருடையது என்று புரட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் நிறுத்தச் சொன்னதை மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்காது போலிருக்கிறது. இப்போது நர்ஸ் சொன்னபடி தண்ணீர் குடிக்கிறாள், அதனால் ஆட்டத்தின் நடுவில் வீட்டுக்கு ஓடிவருகிறாள். வேலியோரம் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். போன வாரம், "பேசாம நின்னுடறேம்மா" என்றாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அவள் ஆடி நீங்கள் பார்த்ததே இல்லை. பந்தை அடிக்கும் முன் உங்களைப் போலவே நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது. சம்மதக் கடிதத்தை டீச்சர் எழுதிவைத்திருக்கிறார். கீழே கையெழுத்துப் போட்டுப் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

பள்ளி மதிப்பெண் அட்டை, வாடகைப் பத்திரம், பார்சல் ரசீது என்று பதினாறு வருடமாக உங்கள் கையெழுத்தை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் உங்களைவிட அழகாகவே போடுவேன். டீச்சருக்கும் அது தெரியும். தாளைக் கொடுத்தபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். நேற்றுப் பேனாவைத் திறந்துவிட்டு மூடிவைத்துவிட்டேன். மற்றதெல்லாம் நீங்கள் இல்லாத வீட்டை நான் ஓட்டுவதற்குப் போட்டது. இது அவளுக்கு அவள் அப்பா போட வேண்டியது.

உங்களுக்கு மனமில்லை என்றால் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அதை நீங்களே அவளுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். என்னால் சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் கையால் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் மனைவி