வெற்றிலை வைத்து அழைத்த கூட்டம்

பாசத்துக்குரிய கிருபா மதினிக்கு,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியில் கவலைப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் கூட்டம் நின்றுபோகவில்லை. அண்ணனும் நன்றாக இருக்கிறார். சட்டையைத் தானே தேய்க்கிறேன் என்று காலரைக் கருக்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அது என்ன கூட்டம் என்று ஊரில் பலருக்கு இன்னும் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமைதோறும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தீர்கள். காலேஜுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், மில்லுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். மைக் பிடித்துப் பேசப் பழக்கினீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அனுப்பினீர்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பேரூராட்சி ஆபீசுக்கு அவர்களையே மனு கொடுக்கச் சொன்னீர்கள். “பேச வராதவங்களுக்கும் இங்க வேலை இருக்கு” என்பீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பாதிப் பிள்ளைகள் மாடிப்படி ஏறினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வராமல் போன பிறகு, அண்ணன் அறைச் சாவியை என்னிடம் நீட்டினார். “ஏலே, நீ பாத்துக்கிடுதியா, இல்ல பூட்டிருவமா?” என்றார். வாங்கிக்கொண்டேன். பிளக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஆள் கூட்டுவது ஒரு காரியமா? இந்த வட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மெஷினில்தானே பிறக்கிறது? உங்களுக்கும் நான்தான் அடித்தேன் மதினி. அந்தப் படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். மெஷின் ஓடி முடிக்கும்வரை உள்ளே நிற்க முடியாமல் தெருவில் போய் நின்றேன்.

கூட்டத்துக்கும் ஒரு பெரிய போர்டு அடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டினேன். வாட்ஸ்அப்பிலும் தட்டிவிட்டேன். பையன்கள் வந்தார்கள். பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். கடைசியில் மிஞ்சியது கான்சாபுரம் மாரிச்செல்வி மட்டும்தான். முதல் நாள் மைக்கைப் பார்த்து அழுதாளே, அவளேதான். ஒரு சனிக்கிழமை அவளும் வந்து நின்றாள். “அண்ணே, நான் இனிமே வர முடியாது. பயலுவ கூட்டத்துல நீ ஒருத்தி என்னத்துக்குன்னு அப்பா கேக்காவ.”

பையன்கள் மட்டும் என்றால் அது கிரிக்கெட் டீம். அதை நடத்த நான் எதற்கு, நீங்கள் எதற்கு? எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வருஷத்துக்கு ஒன்று நடத்துவீர்களே, அந்தக் கூட்டத்தை ஒரு தடவை நடத்திப் பார்ப்பது, அதற்கும் பெண் பிள்ளைகள் வராவிட்டால் சாவியை அறைக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து அண்ணனிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே கான்சாபுரத்துக்கு வண்டியை விட்டேன். மாரிச்செல்வியின் அப்பா வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “தம்பி, ஒங்க மதினி இருந்தப்ப வீட்டுக்கு வருவாவ. செத்த நேரம் உக்காந்து பொம்பளையாளுக கிட்ட பேசிட்டு, பொறவு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவாவ. நீங்க போர்ட ரோட்டுல கட்டிட்டீய. ரோட்டுல நின்னு கூப்பிட்டா, வீட்டுப் பிள்ளைய எப்படி அனுப்ப?”

மதினி, நீங்கள் வீடு வீடாகப் போனதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? உங்களுக்கு சனிக்கிழமை மட்டும்தான் வேலை என்று நினைத்திருந்தேனே.

அந்த வாரம் பையன்களிடம் நடந்ததைச் சொன்னேன். மாரிச்செல்வி போனில் இருந்தாள். “வருஷக் கூட்டத்துக்கு வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுவோம்ணே. நாங்களே போறோம்” என்றாள். பையன்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். செட்டியார்பட்டிக்கு அங்கத்து மில் பையன்கள், அவர்களோடு அவர்களுடைய அக்காமார். வ. புதுப்பட்டிக்கு நாடகம் போடுகிறவர்கள். கூச்சக்காரப் பயல்கள் சமையலுக்கு. எனக்கு ஒரு வேலையும் மிஞ்சவில்லை.

ஒரே ஒரு தப்பு நடந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, “குடும்பத்தோட வந்துருங்க” என்று சொன்ன பிள்ளைகள், என்ன விசேஷம் என்று சொல்லவில்லை. வெற்றிலையை எடுத்துக்கொண்ட பிறகு கேட்டால் மரியாதையாக இருக்காது என்று வீட்டுக்காரர்களும் கேட்கவில்லை. நாங்கள் பிடித்திருந்த இடமோ தேரடிப் பக்கம் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். வேறு என்ன நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக அம்மாமார், சீர்த்தட்டில் வாழைப்பழமும் தேங்காயுமாக மாமன்மார், அவர்களுக்கு நடுவே எங்கள் பெண் பிள்ளைகள். வ. புதுப்பட்டிப் பெரியவர் ஒருவர் மேடையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பொண்ணு எங்கய்யா?”

“எந்தப் பொண்ணு?”

“விசேஷம்னா பொண்ணு மாப்பிள இருக்கணும்லா? சடங்குன்னா பிள்ளையாச்சும் இருக்கணும்லா?”

நடந்த தப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுப்படியில் இன்னொரு பக்கம் கலவரம், பொங்கியிருந்த சோறு பிள்ளைகளுக்கு மட்டும்தான். கூச்சக்காரப் பயல்கள் எதுவும் பேசாமல் இன்னோர் உலையை ஏற்றினார்கள். பேச வராதவர்களுக்கும் வேலை இருக்கத்தான் செய்தது.

மாரிச்செல்விதான் மைக்கை எடுத்தாள். “பொண்ணு, மாப்பிள யாருமில்ல. விசேஷம் எங்களுக்குத்தான். சனிக்கிழமை ராஜபாளையத்துல கூடி நாங்க என்ன செய்யுதோம்னு உங்களுக்குக் காட்டத்தான் கூப்பிட்டோம். படிக்கிறவங்க பாடம் சொல்லிக்குடுக்கலாம். மில்லுக்குப் போறவங்க லீவு கிடைக்கிறப்ப வரலாம். நாடகம் போடலாம், பந்து விளையாடலாம், மனு எழுதலாம். ஒண்ணுமே பிடிக்கலன்னா சும்மா வந்து உக்காந்திருங்க. நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன்.” பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “நல்லாத்தான் பேசுதா” என்றார். பிறகு யாரும் வேனைத் தேடவில்லை. நாடகம் முடிந்து, சாப்பாடு முடிந்தும் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பும்போது மாரிச்செல்வியின் அப்பா சீர்த்தட்டோடு திகைத்து நின்றார். கொண்டுவந்ததைத் திருப்பிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. யார் கையில் கொடுப்பது? என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு நேரே நடந்துபோய் மகள் கையில் கொடுத்தார்.

“ஏட்டி, அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட எந்த ஊருக்குப் போறிய? நானும் வாரேன்” என்றார்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பிக்கொள்ளவில்லை மதினி, எல்லோர் முன்னாலும் நின்று அழுதேன். நீங்கள் இதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

இத்தனை நாளும் “கிருபா மதினி நடத்துன கூட்டம்” என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆள் கூப்பிட்டேன். அடுத்த மாதம் கூப்பிடப் போகிற வீடுகளில் அப்படிச் சொல்ல மாட்டேன். “மாரிச்செல்வி நடத்துற கூட்டம்” என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே?

வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போகப்போகும்
உங்கள் கொழுந்தன்,
தங்கராசு