வலக்கை தூக்கிய பேச்சியம்மாள்

டீச்சர்,

நேற்று கத்தரிக்காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். மருந்துக்கடையில் வாங்கிய பேண்டேஜ் துணியைச் சுற்றும்போது, வெளுத்த துணிக்கே உள்ள அந்த வாசம். உடனே பேச்சியம்மாள் ஞாபகம் வந்தது. அவள் வந்தால் பின்னாலேயே நீங்களும் வந்துவிடுகிறீர்கள். நீங்கள் செத்து ஒரு மாதமாகியும் எனக்குக் கோபம் தணியவில்லை. செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோதும் நீங்கள் யாரையும் சொல்லவிட்டதில்லை, பிறகு எப்போதுதான் சொல்வது?

ராஜபாளையத்தில் ஒரே பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நீங்கள் இங்கிலீஷுக்கு மூத்த டீச்சர். ஜன்னல் சீட்டு உங்களுக்கு, உங்கள் சாப்பாட்டுப் பை என் மடியில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை "சைல்டு சில்ட்ரன், ஆக்ஸ் ஆக்ஸன், டூத் டீத்" என்று கோரஸாகக் கத்தவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவீர்கள். அர்த்தம் கேட்கிற பிள்ளைக்கு, "ஏட்டி, மொதல்ல மனப்பாடம் பண்ணு, பொறவு வெளங்கும்" என்பதுதான் பதில். எத்தனை பேருக்கு விளங்கியது என்று நீங்கள் பார்த்ததே கிடையாது.

சேத்தூரிலிருந்து வந்த பேச்சியம்மாளுக்கு விளங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளை வராண்டாவில் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்தேன். ஊர்ப்பேர், ஆள்பேர் எல்லாம் ப்ராப்பர் நவுன். கூட்டமாகச் சொன்னால் கலெக்டிவ் நவுன். கண்ணால் பார்க்க முடியாதது அப்ஸ்ட்ராக்ட் நவுன். அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்கு உதாரணம் கேட்டால் முதலில் "ஃபியர்" என்பாள். அதற்கு நீங்கள்தான் காரணம். அவள் அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். "பஞ்ச எண்ண முடியாதுல்ல டீச்சர், அதுக்கு எஸ் போட முடியாது. பஞ்சு மூடைய எண்ணலாம், அதுக்குப் போடலாம். சரியா?" என்று ஒருநாள் அவளாகவே கேட்டாள். சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதற்கு நீங்கள் வைத்திருந்த வழக்கம் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்கவேண்டும். தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை. நீங்கள் வலக்கைக்காரிகளாகப் பார்த்து எழுப்புவீர்கள். வந்தவருக்கு மொத்த வகுப்பும் கெட்டிக்கார வகுப்பாகத் தெரியும். பேச்சியம்மாளுக்கு நீங்கள் ஒதுக்கியது இடக்கை. அன்று அவள் வலக்கையைத் தூக்கினாள். நீங்கள் அவளைத் தாண்டிப் போனீர்கள். ஆனால் அதிகாரி தானே அவளை எழுப்பி, "லீஃப்?" என்றார்.

"லீவ்ஸ் சார்."

"ஷீப்?"

"அதுவும் ஷீப்தான் சார்."

அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அதென்னம்மா, பாதிப் பேர் இடது கையைத் தூக்குறாங்க?" என்று சிரித்தபடி கேட்டார். பெருமையில் நின்ற பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிட்டது: "தெரியாதவுகள்லாம் எடக்கை தூக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காக சார்."

அவர் உங்களைத் திட்டக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே வெளியே போனார். அந்தச் சிரிப்பை நீங்கள் மறக்கவில்லை.

முழுப் பரீட்சையில் அவளை இங்கிலீஷில் ஃபெயிலாக்கினீர்கள். பத்தாம் வகுப்பில் எல்லாரும் பாஸாகவேண்டும் என்று ஒன்பதிலேயே சிலரை நிறுத்திவிடுவது அந்தப் பள்ளிக்கூடத்தில் நடப்பதுதான். அவர்களோடு இவளையும் சேர்த்துவிட்டீர்கள். அவள் விடைத்தாளை நான் பார்த்தேன். பாஸாகிற பேப்பர் அது. உங்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சினேன். "நிறுத்துனா அவ அப்பா வேலைக்கு அனுப்பிருவாரு டீச்சர்" என்றேன். உள்ளே வா என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. "வாய அடக்கத் தெரியாதவள பத்தாப்புக்கு அனுப்பி நான் என்ன செய்ய? நீ வேலைக்கு வந்து எம்புட்டு நாளாச்சு? ஒன் சோலியப் பாரு."

ஹெட்மிஸ்ட்ரஸிடமும் போனேன். மூத்தவர் போட்ட மார்க்கில் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார். அதன்பிறகு பஸ்ஸில் உங்கள் பையை நான் வாங்கவில்லை. கோபத்தைக் காட்ட வேறு வழி எனக்கு இல்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது பேச்சியம்மாள் வரவில்லை. சேத்தூருக்குப் போய் விசாரித்தேன். குடும்பத்தோடு பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள்.

உங்கள் சாவு வீட்டில்தான் மறுபடி அவளைப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை, கையில் ரோஜாமாலை. சுற்றி நின்றவர்கள் உங்களைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளும், "எனக்குத்தான் இங்கிலீஷ் ஏறல. மக்குப்பிள்ளய வச்சுக்கிட்டு அவுக என்ன செய்வாக, பாவம்" என்றாள். தறியில் நின்ற இத்தனை வருஷமும் தன்னை மக்கு என்றே நினைத்திருக்கிறாள். உங்கள் தலைமாட்டில் வைத்தே சொன்னேன்: "நீ பாஸ் பண்ணுன பிள்ள. ஒன்ன ஃபெயிலாக்குனது இவங்க." எல்லாரும் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

அவள் அழவில்லை. உங்களை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அப்ப எனக்கு இங்கிலீஷ் வந்துச்சா டீச்சர்?"

"வந்துச்சு" என்றேன். மாலையை உங்களுக்குப் போடாமல் கையில் பிடித்தபடியே வெளியே போய்விட்டாள்.

உங்களிடம் கற்றதாக என்னிடம் எதுவும் மிச்சமில்லை, டீச்சர். அவள் கேட்ட கேள்விதான் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு பிள்ளை சரியாகச் சொன்னால் அன்றைக்கே, எல்லார் காதிலும் விழ, "ஒனக்கு வந்துருச்சு" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொள்கிறேன்.