ஒரே ஒரு வரி

என் அன்பானவருக்கு,

உடம்புக்கு நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். கப்பலில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். இருப்பது ஒரே அறை. எது பேசினாலும் நம் மகள், அந்தப் பெரிய மனுஷி காதில் விழுந்துவிடும்.

பள்ளியில் பயிற்சி எடுத்தாளே, நினைவிருக்கிறதா? இணையத்தில் கேலிக்கு ஆளாகும் சின்னப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க, அவள் வகுப்பில் எட்டுப் பேருக்கு ஆலோசகர் டீச்சர் ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தார். புத்தி சொல்லாதே, முதலில் காதுகொடு என்பதுதான் பாடம். இவள் என்னிடமே பழகிப் பார்ப்பாள். முட்டி வலிக்கிறதென்றால், உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்குமேம்மா என்பாள். போடி, முதலில் பாத்திரத்தைக் கழுவு என்று சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இவளுக்குத் தினமும் போனில் எழுதுவாள். அந்தப் பெண்ணின் படத்தை அசிங்கமாக மாற்றி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்களாம்.

போன மாதம் இவளுக்குக் கணக்கில் மார்க் குறைந்தது. என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே, போனைப் பிடுங்கினேன். ஒரே ஒரு வரி போட்டுவிட்டுத் தருகிறேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். போனை விட்டு விலகுகிறவர், தன் பொறுப்பிலுள்ள பிள்ளையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டுமாம். எல்லாம் சாக்கு என்று தையல் மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இவள் டியூஷனில் இருந்தாள். டிராயருக்குள் போன் கத்தரிக்கோலில் இடித்து இடித்து அதிர்ந்தது. ஆறு தடவை. சனியனே என்று மிஷினை வேகமாக மிதித்தேன். காலர் வைக்க வேண்டிய சட்டைகள் குவிந்து கிடந்தன.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாழ்வே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள், பாவிப் பிள்ளை. பிழைத்துக்கொண்டாள். இவள் டீச்சரோடு பார்க்கப் போனால் அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அக்காவும் என்னை விட்டுட்டாங்க என்று மட்டும் சொன்னாளாம். போனைத் திறந்தால் ஆறும் ஒரே கேள்வி: அக்கா, இருக்கீங்களா?

அதிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பயிற்சி எடுத்த அந்த எட்டுப் பேர் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் இன்னும் கெஞ்சியிருக்க வேண்டும் என்கிறாள். போனை அணைத்துத்தான் பூட்டினேன், எனக்கெப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அது பொய் என்று இவளுக்குத் தெரியாது. எனக்குக் கேட்டதுங்க. ஆறு தடவையும் கேட்டது.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மிஷின் மேல் வைக்கப் போகிறேன். அவள் படிக்கட்டும். விட்டது அக்கா இல்லை, அக்காவின் அம்மா என்று அந்தப் பிள்ளையிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

உறையில் நான் முகவரி எழுதவில்லை, படித்தபின் அவளே எழுதி அனுப்பட்டும். அது அவள் கையெழுத்தில் வந்திருந்தால், அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே கூப்பிட்டுப் பேசுங்கள். என் கையெழுத்தாக இருந்தால், அவள் கண்ணில் படும்படி வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை என்று அர்த்தம். அப்போது நீங்களாவது அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி