பலராமன் வீட்டுப் புள்ளி

ஆகஸ்ட் 9, வெள்ளி

'ல' மேல் ஒரு புள்ளி இருக்கிறது. நான் வைக்கவில்லை.

கூட்டேரிப்பட்டு ரிட்டையர்டு கண்டக்டர், புது வீட்டுக்கு 'பலராமன் இல்லம்' என்று போர்டு கேட்டிருந்தார். சவுரிராயன் மாமா பட்டறையில் அவரும் நானும் சேர்ந்து செய்த மெஷினுக்கு இதுதான் முதல் ஆர்டர். கம்ப்யூட்டரில் எழுத்தைக் கொடுத்தால் மெஷின் தானே பலகையில் வெட்டும். பாதியில் கரண்ட் போனது. டீ குடித்துவிட்டு வந்து, மிச்சத்தை ஓடவிட்டுப் பார்த்தால் — பல்ராமன்.

கண்டக்டர் பலராமனுக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கல்.

மாமா பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் புள்ளி போகவில்லை.

ஆகஸ்ட் 10

பலராமன் வந்து பார்த்தார். "ஏம்பா சவுரி, என் பல்லு உன்ன இன்னா பண்ணுச்சி?"

"டிசைனுங்க சார்" என்றார் மாமா. நான் கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆவணியில் கிரகப்பிரவேசம். அதற்குள் வேறு போர்டு வேண்டுமாம்.

ராத்திரி அம்மா சொல்லிவிட்டாள். "அதுவும் கெட்டுச்சின்னா மெஷின பேரிச்சம்பழத்துக்குப் போட்டுட்டு நீ ஜவுளிக்கடைக்குக் கெளம்பு. அங்க வேல பாக்கற கவிதா இடம் புடிச்சி வெச்சிருக்கா."

அங்கே என்ன வேலை? வாசலில் நின்று, போகிறவர்களை "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று கூப்பிடுவது. நான்! பத்தாவதில் பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து பால்காரரிடம்கூடப் பேசியதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கண்ணாடி முன் பழகினேன். "வாங்கக்கா." பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 12

கண்டுபிடித்துவிட்டேன்!

மறுபடி கரண்ட் போனபோது மெஷின் பக்கத்திலேயே இருந்தேன். கட்டரைப் பிடித்திருக்கும் தலை, கேட்க ஆளில்லாத மாதிரி, மெதுவாகத் தானே கீழே இறங்கியது. கரண்ட் வந்து கட்டர் சுற்றியதும் அங்கேயே ஒரு குழி. புள்ளி வந்த வழி இதுதான்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். "யாரும் தொடல, எறங்குதே!" என்று கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து கன்ட்ரோல் பெட்டிமேல் தெளிக்கப் போனாள்.

"ஐயோ, தண்ணி ஊத்தாதம்மா! எல்லாம் பொகைஞ்சிடும்!"

கத்தியது நான்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. "இந்தத் தொண்டை ஜவுளிக்கடைக்குப் போதும்" என்றார் மாமா.

ஆகஸ்ட் 13

தலையை ஏற்றி இறக்குவது, திருகாணி மாதிரி மரை போட்ட நீளக் கம்பி. மோட்டார் அதைச் சுற்றும். வாங்கும்போது கடைக்காரர் "ஒத்த மரையா, நாலு மரையா?" என்று கேட்டாராம். மாமா, "நாலே குடு, கெட்டியா புடிக்கும்" என்றிருக்கிறார்.

பிடிக்காது. நாலு மரை பக்கம் பக்கமாக ஓடுவதால் ஒரு சுற்றுக்குத் தலை எட்டு மில்லிமீட்டர் போகும். ஒத்தை மரை என்றால் இரண்டே மில்லி. மரையின் சரிவு அதிகமானால் வழுக்கத்தானே செய்யும்? கரண்ட் இருக்கும்வரை மோட்டார் இழுத்துப் பிடிக்கிறது. அப்புறம்?

மாமாவிடம் சொன்னேன். மனசுக்குள். அவர் பெரிய மோட்டார் வாங்க முடிவு பண்ணிவிட்டார். கரண்ட் போனால் பெரிய மோட்டாரும் தூங்கத்தானே போவுது!

ஆகஸ்ட் 16

விழுப்புரம் போனோம். பஸ் முழுக்க 'அண்ணா, ஒத்த மரை கம்பி' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடையில் நல்ல கூட்டம். மாமா முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இருக்கறதுலயே பெரிய மோட்டாரா எடுப்பா" என்றார் மாமா.

கடைக்காரர் தாண்டவராயன் என்னைப் பார்த்தார். "பாப்பாவுக்கு இன்னா வோணும்?"

"மரை."

அவ்வளவுதான் வந்தது.

"மரையா? யாருக்குக் கழண்டுச்சி?"

நான் மாமாவைக் கைகாட்டினேன். சத்தியமாகக் கிண்டலுக்கு இல்லை, பதற்றம். கடையே சிரித்தது.

இனி பேசுவதாவது. மேஜைமேல் கிடந்த இரண்டு கம்பிகளை எடுத்து நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நட்டு போட்டுத் தட்டிவிட்டேன். நாலு மரையில் நட்டு சுழன்றுகொண்டே சர்ரென்று அடிக்கு வந்தது. ஒத்தை மரையில் அசையவே இல்லை.

மாமா வாங்கித் தானும் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். அப்புறம் கடைக்காரர்மேல் பாய்ந்தார். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"கேட்டனே! நீதான் நாலு கேட்ட, இட்லி கேக்கற மாதிரி."

ஒத்தை மரை வாங்கிக்கொண்டு வந்தோம். மோட்டார் பழையதே.

ஆகஸ்ட் 19

கம்பி மாற்றியாச்சு. கம்ப்யூட்டரில் சுற்றுக்கு எட்டு மில்லி என்றிருந்ததை இரண்டாக மாற்ற மறந்துவிட்டேன். எழுத்து ஆழமே இல்லாமல் பூனை பிறாண்டியது போல வந்தது. நல்லவேளை, அது பழைய பலகையின் பின்பக்கம்.

ஆகஸ்ட் 21, புதன்

பலராமனே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். 'ப' முடிந்தது. 'ல' முடிந்து தலை மேலே எழும்பியது. கரண்ட் போச்சு.

எல்லாரும் 'ல'-வையே பார்த்தோம். மாமா சிலுவை போட்டுக்கொண்டார். பலராமன் சிரமப்பட்டு வாயை மூடிக்கொண்டார்.

தலை நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. கவிதா அக்கா. அம்மா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனை என் பக்கம் நீட்டினாள். "நீயே சொல்லு."

"அக்கா, நான் வரல."

"இன்னாடி? கேக்கல, சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன்.

கரண்ட் வந்ததும் தலையைத் தொடங்கிய மூலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி அளவு வைத்து, 'ரா'-விலிருந்து ஓடவிட்டேன்.